ரூபி அக்கா நின்ற இடம்

செப்டம்பர் 27, சனி

இன்று இவரும் ஆரணியும் நானும் மூவருமாக அப்பிள் தோட்டத்துக்குப் போனோம். ஸ்காபரோவில் இருந்து நீண்ட கார் ஓட்டம். ஜூன் மாதம் நான் கனடாவுக்கு வந்து இறங்கியதில் இருந்து மூவரும் ஒன்றாக வெளியே போனது இதுதான் முதல் தடவை. இவருக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. வார நாள்களில் நான் எழும்பும்போது இவர் படுக்கப் போவார். அதனால் எங்கள் வீட்டில் குடும்பம் என்ற ஒன்று சனியும் ஞாயிறும்தான் நடக்கிறது.

மரங்கள் ஆள் உயரம்தான். ஏணி வேண்டியிருக்கவில்லை. ஆரணி காதில் எதையோ மாட்டிக்கொண்டு எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளியே நடந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. இவருடைய முதல் மனைவி ரூபி அக்காவின் மகள். ரூபி அக்கா புற்றுநோயில் போய் மூன்று வருடம். நான் அவவை நேரில் கண்டதில்லை. அக்கா என்பது நானாக வைத்துக்கொண்ட முறை.

ஆரணி என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. சின்னம்மா என்று கூப்பிட அவளுக்கு லண்டனில் சொந்தச் சின்னம்மா இருக்கிறா, ரூபி அக்காவின் தங்கை வனிதா. அன்ரி என்பது கடையில் நிற்கிற பெண்ணுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் உரிய சொல். ஆகவே என்னோடு பேச வேண்டும் என்றால் குசினி வாசலில் வந்து நிற்பாள். நான் திரும்பிப் பார்த்ததும் விசயத்தைச் சொல்வாள். நான் திரும்பாமல் சமைத்துக்கொண்டு நின்ற நேரங்களில் எத்தனை தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாளோ தெரியாது. இதைக் குறையாக எழுதவில்லை.

இவர் சிவப்பு அப்பிளாகப் பார்த்துப் பிடுங்கினார். எனக்குப் பச்சைதான் பிடித்தது. நல்ல புளிப்பு. வீட்டுக்கு வந்து, மாங்காய்க்குச் செய்வதுபோலத் தேங்காய்ப்பால் விட்டு, கடுகு தாளித்து, கொஞ்சம் சீனி போட்டு ஒரு கறி வைத்தேன்.

"அப்பா, இது என்ன கறி?" என்றாள் ஆரணி.

"அவவிட்டையே கேளன்," என்றார் இவர்.

கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் எழும்பிய பிறகு சட்டியைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டாள். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

ஒக்டோபர் 4, சனி

குளிர் கூடப்போகிறதாம். பின்வளவில் இருந்த சாடிகளை வீட்டுக்குள் எடுத்தோம். தோட்டம் இவருடைய பைத்தியம். கறிவேப்பிலை, மல்லிகை, முருங்கை என்று கோடை முழுக்க வெளியில் நின்றதுகளைக் குளிருக்கு முன் உள்ளே கொண்டுவராவிட்டால் ஒரே இரவில் கருகிவிடும். பயிற்றங்காய்க் கொடியைப் பிடுங்கி, கடைசிக் காய்களை ஒரு கைப்பிடி ஆய்ந்து தந்தார். புடலங்காய் ஒன்று வேலியோடு ஒளிந்து முற்றிப்போயிருந்தது. அதை விதைக்கு வைத்தார்.

கறிவேப்பிலைச் சாடி நல்ல பாரம். இரண்டு பேருமாகத் தூக்கினோம். நான் சமையலறை மூலையில் வைக்கப்போனேன்.

"ரூபி அதை எப்பவும் கிழக்கு யன்னலடியில தான்..." என்று தொடங்கி அப்படியே நிறுத்திக்கொண்டார்.

கிழக்கு யன்னலடியிலேயே வைத்தேன். அங்கேதான் வெயில் வருகிறது, அதனால் அதுதான் சரியான இடம். எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

பாரம் தூக்கியதில் தோள் வலித்தது. பின்னேரம் கொஞ்சம் படுத்தேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

இந்த நாட்டு நன்றி சொல்லும் பண்டிகைக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை. கமலினி அக்கா வீட்டில் விருந்து. கமலினி அக்கா ரூபி அக்காவோடு படித்தவ. இங்கே எங்கள் பகுதிப் பெண்களின் வலைப்பந்தாட்ட அணிக்கு அவதான் தலைவி. அம்மாக்களும் பிள்ளைகளும் கலந்த அணி. வருடா வருடம் நவம்பரில் தமிழ்ப் பெண்களின் போட்டி ஒன்று நடக்கும்.

வான்கோழியைப் பிள்ளைகள் முழுசாக அவன் அடுப்பில் வைத்துச் சுடச் சொல்லி நின்றார்களாம், பெரியவர்கள் கறிதான் என்றார்களாம். கடைசியில் இரண்டு வான்கோழி வாங்கி ஒன்றைச் சுட்டு, மற்றதைப் பிரட்டல் போட்டிருந்தா. சுட்ட கோழியை எடுத்த பிள்ளைகள் எல்லாரும் அதன்மேல் பிரட்டல் குழம்பை ஊற்றித்தான் சாப்பிட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு போட்டியில் வந்து நின்றது.

"ஓடுறதுக்கு ஆள் இருக்கு, மறிக்க ஆள் இருக்கு. கோல் போடத்தான் ஆள் இல்லை," என்றா கமலினி அக்கா. "போன வருசமும் அதாலதான் போனது."

"சுகிர்தா விளையாடினவ," என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கலியாணம் பேசும்போது, பருத்தித்துறையில் வங்கியில் வேலை செய்தபோது வங்கி அணிக்கு விளையாடினேன் என்று ஒருமுறை சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார்.

"எந்த இடத்தில விளையாடினனீர்?" என்றா கமலினி அக்கா.

"கோல் அடிக்கிற இடம்," என்றேன்.

எல்லாரும் என்னை விட்டு ஆரணியைப் பார்த்தார்கள். அதில் இருந்து விளங்கியது, அது ரூபி அக்கா நின்ற இடம்.

ஆரணி எலும்பைக் கடித்துக்கொண்டே, "அவ விளையாடட்டும். எனக்கு ஓகே," என்றாள்.

திரும்பி வரும்போது இவர் மெதுவாக, "கேக்காமல் சொல்லிப்போட்டன். நீர் கோவிக்கேல்லையே?" என்றார். இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

ஒக்டோபர் 13, திங்கள்

கமலினி அக்கா கட்டித் தந்த மிஞ்சின வான்கோழியில் கொத்துரொட்டி. ஆரணி ஒன்றும் சொல்லாமல் தட்டை இரண்டாம் முறை நீட்டினாள்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

முதல் பயிற்சி. பள்ளிக்கூட உள்ளரங்கம். அரைக் காற்சட்டை போட்டு வருடங்களாகிவிட்டதால் நீளக் காற்சட்டையோடு போனேன். நிலம் பளபளவென்று இருந்தது. ஊரில் புழுதியில் விளையாடிய கால்களுக்கு அது பிடிபடவில்லை. முதல் ஐந்தாறு எறிகள் வளையத்துக்குக்கூடப் போகவில்லை.

வலைப்பந்தாட்டத்தில் பந்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்ததும் நின்று, உடனே இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். கோல் அடிக்க இரண்டு பேருக்குத்தான் அனுமதி. ஒருத்தி நான். மற்றவள் ஆரணி. வெளியில் இருந்து பந்தைக் கொண்டுவந்து வளையத்தடியில் நிற்கிற எனக்குத் தருவதுதான் அவளுடைய முக்கிய வேலை. தாய்க்கு அப்படித்தான் கொடுத்துப் பழகியிருக்கிறாள்.

இன்று அவள் எனக்குப் பந்து தரவில்லை. வேண்டுமென்று என்று சொல்ல மாட்டேன். பந்தோடு என்னைப் பார்ப்பாள். அப்படியே நிற்பாள். விசில் ஊதிவிடும்.

"பிள்ளை, குடன். ஆள் நிக்கிறா தானே," என்று கமலினி அக்கா கத்தினா.

பந்து வேண்டும் என்றால் கேட்க வேண்டும். கையை உயர்த்திப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். விளையாட்டில் அது ஒழுங்கு. நானும் ஒருதரமும் கேட்கவில்லை. தொண்டை வரண்டிருந்தது, அரங்கத்தில் சூடு கூட.

ஒக்டோபர் 22, புதன்

காலையில் பூங்காப் பக்கம் நடந்தேன். மேப்பிள் மரங்கள் எல்லாம் நெருப்புப் பிடித்த மாதிரி நிற்கின்றன. அதைப் பார்க்கத்தான் போனேன். அங்கே கூடைப்பந்துக் கம்பம் ஒன்றும் இருக்கிறது.

ஒக்டோபர் 23, வியாழன்

இன்றும் மரம் பார்க்கப் போனேன். பந்து கமலினி அக்காவிடம் இரவல் வாங்கியது. முழங்கால் வீங்கிவிட்டது. படியில் தடக்கினேன் என்று இவரிடம் சொன்னேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

இதை ஆறுதலாக எழுத வேண்டும்.

பயிற்சி ஆட்டத்தின் நடுவில் ஆரணியிடம் பந்து வந்தது. அவளுக்கு முன்னால் இரண்டு பேர் கைகளை விரித்துக்கொண்டு மறித்து நின்றார்கள். நான் அவளுக்கு முதுகு காட்டி, என்னைக் காவல் காத்த பிள்ளையைத் தள்ளிக்கொண்டு நின்றேன். அவளுக்குத் தேவை நான் திரும்பிப் பார்ப்பது. வாசலில் வந்து காத்துநிற்க அங்கே நேரம் இல்லை.

"சுகி!" என்று கத்தினாள்.

அரங்கம் முழுக்கக் கேட்டது. திரும்பினேன். பந்து என் கைக்குள் இருந்தது. எறிந்தேன். வளையத்தைத் தொடாமல் உள்ளே போனது.

என்னைச் சுகி என்று கூப்பிடுகிறவர் என் அண்ணா மட்டும்தான். தொலைபேசியில் அவர் கத்திக் கத்திப் பேசுவதைக் கேட்டிருக்கிறாள் போல. அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை "சுகி இஞ்ச", "சுகி பின்னால", "சுகி எறியுங்கோ". கமலினி அக்கா ஒருதரம் வாயைத் திறந்து மூடியதைக் கண்டேன்.

காரில் ஏறியதும் இவர் தொடங்கிவிட்டார். "பெரியாக்களைப் பேர் சொல்லியே கூப்பிடுறது? அதுகும் அவ்வளவு சனத்துக்கு முன்னால?"

"அப்பா, கோர்ட்டில நிண்டு 'எக்ஸ்கியூஸ் மீ' எண்டே கத்துறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன். அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். இவர் கண்ணாடியில் ஒருதரம் மகளைப் பார்த்தார், ஒருதரம் என்னைப் பார்த்தார்.

"விடுங்கோ," என்றேன். "விளையாட்டுக்குத் தேவை."

வீட்டில் தோசைக்கு மாவைக் கலக்கிக்கொண்டு நிற்க, வாசலில் வந்து நின்றாள். எனக்கு அவள் வந்தது தெரியும். வேண்டுமென்றே திரும்பவில்லை. வாசல் நிலையை விரலால் தட்டுவது கேட்டது. பிறகு, "சுகி, மா புளிச்சிட்டுது போல," என்றாள்.

மா புளிக்கவில்லை. ஆனால் ஓம் என்றேன்.

நவம்பர் 1, சனி

நேற்றைய பேய் வேடத் திருவிழாவில் எங்கள் வாசலுக்கு வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தது போக இனிப்புகள் ஒரு பெட்டி மிச்சம். இவர் இருமலோடு இருந்து அதையே சாப்பிடுகிறார்.

மடித்த உடுப்புகளை ஆரணியின் அறைக்குக் கொண்டுபோனேன். கதவு பாதி திறந்திருந்தது. லண்டன் சின்னம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"நத்தாருக்கு வா, பிறகு இஞ்ச நிண்டே படி," என்று போனில் வனிதாவின் குரல் கேட்டது. "உனக்கெண்டு அறை ஒதுக்கிப்போட்டன்."

"ஓம் சின்னம்மா. அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை. அவருக்கு இஞ்ச இப்ப ஆள் இருக்குத்தானே."

உடுப்புகளை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மதியம் பூசணிக்காய்ப் பால்கறி, இறைச்சிக் குழம்பு. குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கும் நாள். பின்னேரமே இருட்டிவிடுகிறது. தலையிடி, பயிற்சிக்குப் போகவில்லை.

நவம்பர் 5, புதன்

ஊரில் இருக்கிற அண்ணாவோடு பேசினேன். தை மாதம் வந்து கொஞ்சக் காலம் நிற்கலாமோ என்று கேட்டேன். முதலில் சந்தோசப்பட்டார். பிறகு, "சுகி, அங்க என்ன பிரச்சினை?" என்றார். குளிர் என்றேன்.

பயண முகவரிடமும் ரிக்கெற் விசாரித்தேன். போகவும் வரவும் சேர்த்து எடுப்பதா, போக மட்டுமா என்று அவர் கேட்டார். இரண்டையும் சொல்லுங்கள் என்றேன். சும்மா தெரிந்துவைத்திருக்க.

பிள்ளை பிறந்து வளர்ந்த வீடு இது. போவதென்றால் யார் போக வேண்டும் என்பது யோசிக்கிற விசயமே இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கராஜுக்குள் கூழ் காய்ச்சினோம். இவர் வருடத்துக்கு ஒருமுறை, குளிர் இறுக முன்னர் ஒரு நல்ல ஞாயிறு பார்த்துச் செய்வாராம். வெளியில் தூற்றல். கராஜ் கதவைப் பாதி உயர்த்திவிட்டு, காஸ் அடுப்பில் பெரிய பானையை ஏற்றினார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா ஊரில் இருந்து வந்தது. நண்டு, இறால், மீன்தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு. நான் நண்டைத் துப்புரவாக்க, ஆரணி செத்தல் மிளகாயும் உள்ளியும் அரைத்துத் தந்தாள்.

அவள் உள்ளே புளி எடுக்கப் போன நேரம் இவரிடம் சொன்னேன். தை மாதம் ஊருக்குப் போய் அண்ணாவோடு கொஞ்சக் காலம் நிற்கப்போகிறேன் என்று.

இவர் அகப்பையால் கிளறிக்கொண்டே நின்றார்.

"எப்ப திரும்பி வாறீர்?"

"பாப்பம்."

"பாப்பமோ?"

"உங்களுக்குச் சமைச்சுக் குளிர்ப்பெட்டிக்குள்ள வைச்சிட்டுத்தான் போவன்."

"நான் சாப்பாட்டைக் கேக்கேல்லை," என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அடுப்புப் புகைக்கு அவருடைய கண் சிவந்திருந்தது. காஸ் அடுப்பு என்பது இப்போது எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

கமலினி அக்கா வீட்டுக்காரரும் வந்தார்கள். எல்லாரும் குளிருக்குப் போட்ட கோட்டுகளோடே கதிரையில் இருந்து, ஊதி ஊதிக் குடித்தோம். உறைப்பில் மூக்கு ஓடியது. ஆரணி நண்டுக்காலைப் பல்லால் உடைத்து உறிஞ்சுவதில் கெட்டிக்காரி. எனக்கு ஒரு காலை உடைத்துத் தந்தாள். "போன கிழமை ஏன் வரேல்லை, சுகி? நீங்கள் இல்லாமல் நாங்கள் நல்லா வாங்கிக் கட்டினாங்கள்," என்றாள்.

அடுத்த கிழமை வருவேன் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பயிற்சி முடிந்து வந்து பார்த்தால் வளவு முழுக்க மேப்பிள் இலை. பனி கொட்ட முன்னர் கூட்டி அள்ளாவிட்டால் அழுகிப் புல்லைக் கெடுத்துவிடும். இவர் இலை போடுகிற கடதாசிப் பைகள் வாங்கக் கடைக்குப் போனார். ஆரணியும் நானும் ஆளுக்கொரு வாருகோலோடு நின்றோம்.

அவள் ஒரு பெரிய குவியல் சேர்த்தாள். பிறகு, "நீங்கள் ஊருக்குப் போறீங்களாம். அப்பா சொன்னவர்," என்றாள்.

"ஓம். அண்ணாவைப் பாக்க."

"எப்ப வருவீங்கள்?"

நான் வாரிக்கொண்டே இருந்தேன்.

"வரமாட்டீங்கள், என்ன?"

பொய் சொல்ல ஆயத்தமாகத்தான் இருந்தேன். ஆனால் அவள் வாருகோலைப் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். முகத்துக்கு நேரே நின்று கேட்டால் என்னால் முடிவதில்லை.

"நீ லண்டனுக்குப் போகத் தேவையில்லை, பிள்ளை," என்றேன். "நீ கதைச்சது எனக்குக் கேட்டது. கதவு திறந்திருந்தது. இது உன்ர வீடு. என்னாலதான் உனக்கு இருக்க ஏலாமல் இருக்கெண்டால் நான் போறதுதான் முறை."

அவள் என்னை விளங்காதவள்போலப் பார்த்தாள்.

"நான் அதுக்காகப் போகேல்லை. நான் இருக்கிறதாலதான் உங்களுக்கு இடைஞ்சல் எண்டு நினைச்சன். நான் உள்ள வந்தால் நீங்கள் ரெண்டு பேரும் கதையை நிப்பாட்டுறீங்கள். அம்மான்ர பேர் வந்தால் அப்பா நாக்கைக் கடிக்கிறார். நீங்கள் உடனே எழும்பிப் போயிடுறீங்கள். நான் இல்லாட்டில் அப்பா சந்தோசமா இருப்பார் எண்டு..." அவளுக்குக் குரல் உடைந்தது. "அவர் உங்களோட இருக்கேக்க சிரிக்கிறவர், தெரியுமே? சின்னனாத்தான். ஆனா சிரிக்கிறவர். நான் மூண்டு வருசமாக் கேக்கேல்லை."

இலைக் குவியலிலேயே இருந்துவிட்டேன். ஈரம் உடுப்பில் ஊறியது. அவளும் பக்கத்தில் இருந்தாள்.

ஒரு இலையைக் கிழித்துக்கொண்டே சொன்னாள். "அப்ப நீங்கள் ஊரில. நான் லண்டனில. அப்பா இஞ்ச தனியப் புடலங்காயோட."

இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினோம். அழவும் செய்தோம், அதையும் எழுதிவிடுகிறேன். அந்த நேரம் பார்த்து இவர் கடதாசிப் பைக் கட்டோடு வந்து நின்றார். சேர்த்த குவியல் இரண்டும் பாழாகிக் கிடந்தன.

"என்ன நடந்தது?"

ஆரணி என்னைப் பார்த்தாள். எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. எழும்பிப் போய்விடலாம் என்றுதான் உடம்பு சொன்னது. போகாமல் கேட்டேன், "ரூபி அக்கா எப்பிடி விளையாடுறவ?"

இவர் கடதாசிப் பைகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"கள்ள ஆட்டம்," என்றார் கடைசியில். "நடுவர் அங்கால திரும்பினால் இவ எதிராளின்ர சட்டையைப் பிடிச்சு இழுப்பா. பிடிபட்டால் சண்டை. ஒருக்கா நடுவரையே அழப்பண்ணிப்போட்டா."

"அப்பா, அவ அழேல்லை."

"அழுதவ. நான்தானே தண்ணிப் போத்தல் குடுத்தனான்."

அவரும் எங்களோடு ஈர இலைக்குள் இருந்தார். ரூபி அக்கா சமைக்கத் தெரியாமல் கலியாணம் செய்தது, முதல் பனியில் விழுந்து கையை முறித்தது, அந்தக் கையோடே கோல் அடித்துப் பார்த்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஆரணி இடைக்கிடை திருத்தினாள். இருட்டத் தொடங்கிய பிறகுதான் எழும்பினோம். இலை அப்படியே கிடக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

பயண முகவர் அழைத்தார். இப்போதைக்கு இல்லை என்றேன்.

நவம்பர் 22, சனி

போட்டி. அரையிறுதி வரைக்கும் வந்து தோற்றோம்.

முதல் ஆட்டம். ஓரத்தில் நின்ற பெண்கள் சிலர் என்னைக் காட்டி ஏதோ பேசினார்கள். ரூபி அக்காவைத் தெரிந்தவர்களாக இருக்கலாம். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வளையத்தடியில் நின்றேன். ஆரணி பந்தைத் தந்தாள். எறிந்தேன், உள்ளே போனது. பிறகு எல்லாம் தன்பாட்டில் நடந்தது. அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்க்காமலே தெரிகிற நிலைக்கு வந்திருந்தேன். அவளும் இப்போது கத்துவதைக் குறைத்துவிட்டாள்.

அரையிறுதியில் எதிரணியின் காவல்காரி நல்ல உயரம். கடைசி நேரம், ஒரு கோல் வித்தியாசம். பந்து என்னிடம் வந்தது. எறிந்தேன். வளையத்தில் ஏறிச் சுற்றி வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

ஆரணி ஓடிவந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். இரண்டு கைகளாலும் என் தோளைப் பிடித்து உலுப்பி, "அவளின்ர சட்டையைப் பிடிச்சு இழுத்திருக்கோணும்," என்றாள்.

நடுவர் கேட்டுக்கொண்டு வந்தா. சிரித்துவிட்டு, "தாயும் மகளுமோ?" என்றா.

"இல்லை," என்றாள் ஆரணி. "ஒரே வீட்டுக்காரர்."

கமலினி அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, வியர்வையோடே கொஞ்சினா. அடுத்த வருடமும் அந்த இடத்தில் நீர்தான் என்றா. பார்வையாளர் வரிசையில் இவர் தொண்டை கட்டிப்போகக் கத்தியிருக்கிறார். திரும்பி வரும்போது குரலே இல்லை. வழியில் நிறுத்திச் சூடாக இடியப்பமும் சொதியும் வாங்கிச் சாப்பிட்டோம். தோற்ற ஆக்கள் மாதிரி நாங்கள் சாப்பிடவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

காலையில் இருந்து பனி கொட்டுகிறது. கனடாவில் என் முதல் பனி. இவர் ஒரு மணித்தியாலமாக வாசலை வழித்துக்கொண்டிருந்தார். வழித்த இடத்தில் மறுபடி விழுந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஆரணி லண்டனுக்குப் பேசினாள். இந்த முறை வரவேற்பறையில் இருந்தே பேசினாள். நத்தாருக்கு வருவேன், ஆனால் திரும்பி வந்துவிடுவேன் என்றாள். அந்தப் பக்கம் நெடுநேரம் பேசினார்கள். இவள் "ஓம் சின்னம்மா", "இல்லை சின்னம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குசினிக்குள் வந்து போனை என்னிடம் நீட்டினாள்.

"உங்களோட கதைக்கோணுமாம்."

வனிதா என்னோடு ஒருநாளும் பேசியதில்லை. கலியாணத்துக்கு வாழ்த்துக்கூட வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். சுகம் விசாரித்தேன்.

"அவளுக்குச் சப்பாத்து இப்ப என்ன அளவு?" என்றா.

பரீட்சை வைக்கிறா என்று விளங்கியது. கோபம் வரவில்லை.

"எட்டு. இடது கால் கொஞ்சம் பெரிசு. அதுக்குப் பாத்துத்தான் எடுக்கோணும்."

"பால் குடிக்கிறவளே?"

"ஒத்துவராது. தயிர் எண்டால் பிரச்சினை இல்லை."

"காய்ச்சல் வந்தால்?"

"சொல்ல மாட்டா. கம்பளியைத் தலைக்கு மேல இழுத்துக்கொண்டு படுத்திடுவா. அதிலதான் நான் கண்டுபிடிக்கிறது."

"அழுதால்?"

"குளியலறைக்குப் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுவா. நான் அந்தப் பக்கம் போறதில்லை. தண்ணி நிண்டாப் பிறகு தேத்தண்ணி ஊத்திக் குடுப்பன்."

இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பது சொல்லும்வரை எனக்கே தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. எப்போது எனக்குள் வந்து சேர்ந்தன என்றும் தெரியவில்லை.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"எங்கட அக்காவும் அப்பிடித்தான் அழுவா," என்றா வனிதா. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "பைப்பைத் திறந்துபோட்டு. அம்மா தண்ணி வீணாகுதெண்டு பேசுவா."

இரண்டு பேரும் அப்படியே போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"கோடை லீவுக்கு நான் அங்கால வரலாமெண்டு பாக்கிறன்," என்றா பிறகு. "உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டால்."

"வாங்கோ. எங்களோடதான் நிக்கோணும்," என்றேன்.

போனைக் கொடுக்க ஆரணியைத் தேடினேன். தூரம் போகவில்லை. குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிலத்தில் இருந்தாள். கண் சிவந்திருந்தது. போனை வாங்கிக்கொண்டு எழும்பி நின்றாள்.

"சுகி, எட்டில்லை. எட்டரை," என்றாள். "போன மாசத்தில இருந்து கடிக்குது. நாங்கள் ரெண்டு பேரும் போறம் போறமெண்டு நிண்டதில நான் சொல்லேல்லை."

சாப்பாடு கிடக்கட்டும் என்று அடுப்பை நிறுத்திவிட்டேன். பனிச்சப்பாத்து வாங்கப் போகிறோம், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இவர் வெளியில் காரைச் சூடாக்கிக்கொண்டு ஹோர்ன் அடிக்கிறார்.